அட்டை முதல் நீர்க்கரடி வரை: தேயிலைத் தோட்டப் பாடசாலையில் உயிருள்ள விஞ்ஞானக் கூடம் அமைப்பது எப்படி?

ஒரு ஜாம் போத்தலில் மூன்று அட்டைகள். அடியில் ஈரப்பாசி, வாயில் இரட்டையாக மடித்துக் கட்டிய துணி. தரம் 5 பிள்ளை ஒருத்தி துணியின் மேல் வாய் வைத்து மெல்ல ஊதினாள். சுருண்டு கிடந்த மூன்றும் எழுந்தன. பின் உறிஞ்சியை ஊன்றிக்கொண்டு, முன்னுடலை நீட்டி இங்கும் அங்கும் ஆட்டித் தேடின. "சேர், இது என்னையத்தான் தேடுதா?" என்று கேட்டாள்.

அவளுடைய அம்மா மழைக்காலத்தில் காலில் சவர்க்காரம் பூசிக்கொண்டு தேயிலை மலைக்குப் போகிறவர். அந்த வீட்டுக்கு அட்டை புதிதல்ல. ஆனால் அட்டை எப்படி ஆளைக் கண்டுபிடிக்கிறது என்ற கேள்வி அன்றைக்குத்தான் அவளுக்குள் எழுந்தது. அந்தப் போத்தலிலிருந்துதான் எங்கள் கூடம் தொடங்கியது.

இலங்கை மலையகப் பிள்ளைகளுக்கு உயிரினக் காட்சி என்றால் வருடத்தில் ஒருமுறை பஸ் பிடித்துத் தெஹிவளை மிருகக்காட்சிச்சாலைக்குப் போய், கம்பிக்கு அப்பால் நிற்கும் சிங்கத்தைப் பார்த்துவிட்டு நள்ளிரவில் வீடு திரும்புவது. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் தோட்ட வரிசை வீடுகளான லயத்துக்குப் பின்னால் ஓடும் கான் எனும் வடிகாலிலும் தண்ணீர் விழும் பீலிக்கரைப் பாசியிலும் தேயிலைத் தூரிலும் உள்ள உயிர்கள் உலகின் பெரிய விஞ்ஞான நிலையங்களில் கண்ணாடிக்குள் வைக்கத் தகுந்தவை. அவற்றைச் சரியாக வைக்கவும், சரியாகத் தொடவும், சரியான நேரத்தில் திருப்பி விடவும் தெரிந்தால் போதும். ஹட்டன் பக்கத்துப் பாடசாலையொன்றில் பல வருடம் இதைச் செய்து, சிலவற்றைக் கெடுத்து, பின் திருத்திக் கற்றதை இங்கே எழுதுகிறேன்.

முதற்படி: எதை வைக்கக்கூடாது

கூடம் தொடங்கிய செய்தி தோட்டத்தில் பரவியதும் பிள்ளைகள் கொண்டுவந்து குவிப்பார்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு, ஓணான், தவளை, ஒருமுறை சுருக்குப் போட்டுப் பிடித்த பாம்பு. ஆகவே அலுமாரி செய்யக் கொடுப்பதற்கு முன்பே இந்தப் படியை முடித்துவிடுங்கள்.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டமும் அதன் திருத்தங்களும் நம் நாட்டுப் பாலூட்டிகள், பறவைகள், ஊர்வன, தவளைகள் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றைப் பாதுகாக்கின்றன. பூச்சி, நத்தை, மீன்களிலும் பாதுகாக்கப்பட்ட இனங்கள் உண்டு. ஓணானைப் பெட்டியில் அடைத்து வைப்பது பாடம் சொல்லித்தரத்தான் என்று சொன்னாலும் குற்றம்தான். எங்கள் விதி எளிமையானது: முதுகெலும்புள்ள காட்டுயிர் எதுவும் அறைக்குள் வராது. தேசியப் பூங்காவிலிருந்தும் ஒதுக்குக் காட்டிலிருந்தும் ஓர் இலைகூட வராது. வீட்டில் பழைய மான் கொம்பு இருக்கிறது, தரட்டுமா என்று பெற்றோர் கேட்டால் நன்றி சொல்லி மறுத்துவிடுங்கள்.

மலையில் இது வெறும் சட்ட விடயமும் அல்ல. மூக்கில் கொம்பு நீட்டிய ஓணான், ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துப் பாசி மரங்களில் வாலால் கிளையைச் சுற்றிக்கொண்டு மெல்ல ஊரும், முட்டையிடாமல் குட்டி போடும் குள்ள ஓணான் போன்றவை இந்தத் தீவில் மட்டுமே உள்ளவை. வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைக்காக அவற்றைத் திருடுகிறார்கள். 2019இல் அவை சைட்டிஸ் எனும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டு உடன்பாட்டின் பட்டியலில் சேர்க்கப்பட்டதும் அதனால்தான். ஓணானைப் போத்தலில் போடப் பழகும் பிள்ளைக்கு நாளை யாராவது காசு நீட்டக்கூடும். படத்தை ஒட்டுங்கள், மரத்தடிக்குக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

காயப்பட்ட விலங்கோ பாம்போ வந்தால் கையில் எடுக்காமல் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்குச் சொல்லுங்கள். யாரையாவது பாம்பு கடித்தால் 1990. இரண்டு எண்களையும் கதவில் பெரிதாக எழுதி வையுங்கள்.

அதிபரின் எழுத்து அனுமதி, பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஓர் அறிவித்தல், தோட்ட நிர்வாகத்திடம் எந்த மலையில் எப்போது மருந்தடிக்கிறார்கள் என்று கேட்டறியும் வழி, இம்மூன்றும் வேண்டும். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். மருந்தடித்த மலையிலிருந்து பறித்து வந்த ஓர் இலை உங்கள் புழுக்களை ஒரே இரவில் கொன்றுவிடும். பிள்ளைகளின் விரலுக்கும் அது ஆகாது.

இரண்டாம் படி: அறை

பெரிய அறை தேவையில்லை. காலை வெயில் நேரே விழாத வகுப்பறை மூலை, இரண்டு மேசை, ஒரு தட்டு, பக்கத்தில் கை கழுவத் தண்ணீர். மேசை பிள்ளைகளின் இடுப்புயரம் இருக்கட்டும். எக்கிப் பார்க்கும் பிள்ளை போத்தலை இழுக்கும்.

நம் மலையில் வெயிலைவிடக் குளிரும் ஈரமும்தான் கெடுக்கும். நுவரெலியாவில் தை, மாசி இரவுகளில் புல்மேல் உறைபனி படிகிறது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் தென்மேல் பருவமழையில் வாரக்கணக்காகச் சுவர் வியர்க்கும். ஊவாவில் மழைக்காலமே வேறு. ஆகையால் கொழும்பில் எழுதிய குறிப்பை அப்படியே பின்பற்ற முடியாது. ஒரு வெப்பமானியைச் சுவரில் தொங்கவிட்டு, காலை 8 மணிக்கும் பகல் 1 மணிக்கும் இரண்டு வாரம் எழுதுங்கள். எந்த உயிரை வைக்கலாம் என்பதை அந்தத் தாள் சொல்லும். ஈரம் மிகுந்தால் பெட்டிகளில் பங்கசு படரும். மூடியில் துளைகளைக் கூட்டி, மிஞ்சிய உணவை அன்றன்றே எடுத்துவிட்டால் அது குறையும்.

மூன்றாம் படி: மண்புழுப் பெட்டி

இதிலிருந்து தொடங்குங்கள். செலவில்லை, கடிக்காது, தொடலாம், ஒரு தவணை முழுக்கக் கேள்வி கேட்க வைக்கும்.

ஓரடிச் சதுரமான இரண்டு கண்ணாடித் துண்டுகளை ஓர் அங்குல இடைவெளியில் மரச்சட்டத்துக்குள் நிறுத்தச் சொல்லுங்கள். எந்தத் தச்சரும் செய்து தருவார். கண்ணாடி விளிம்புகளுக்கு நாடா ஒட்டுவது கட்டாயம். உள்ளே மூன்று விரல் உயரத்துக்குத் தேயிலை மலைச் செம்மண், அதன்மேல் ஒரு விரல் மணல், அதன்மேல் உக்கிய இலைமண், மீண்டும் செம்மண் என்று அடுக்குங்கள். ஒவ்வோர் அடுக்கிலும் சிறிது நீர் தெளியுங்கள். பிழிந்தால் சொட்டக் கூடாது, பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும். ஆறு முதல் எட்டுப் புழுக்கள் போதும். மேலே தேயிலைச் சக்கை, கரட் தோல், கோவா இலை போடலாம். தேசிக்காய்த் தோல், மிளகாய், உப்பு, எண்ணெய் பட்ட எதுவும் ஆகாது. இரண்டு பக்கமும் கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துத் துணியை நீக்கும்போது மணல் கோடு கலைந்திருக்கும், மேலிருந்த இலை கீழே போயிருக்கும், கண்ணாடியோரம் சுரங்கம் தெரியும். மழைநீர் சரிவில் ஓடிவிடாமல் மண்ணுக்குள் இறங்க இந்தச் சுரங்கங்களும் வழி என்பதை, மண்சரிவைக் கண்ட பிள்ளைகளுக்கு நான் அதிகம் விளக்க வேண்டியிருக்கவில்லை.

புழுவைக் கையில் எடுப்பதற்கு முன், கையைத் தண்ணீரில் மட்டும் நனையுங்கள். சவர்க்காரமும் வியர்வை உப்பும் அதன் தோலை எரிக்கும். அது தோலாலேயே சுவாசிக்கிறது, தோல் காய்ந்தால் மூச்சு முட்டிச் சாகும். ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம், ஒரு புழுவுக்கு ஒரு நாளைக்கு மூன்று கை, அதற்கு மேல் இல்லை.

பிறகு மூன்று சோதனைகள். முதலாவது, சத்தம் கேட்பது. விறைப்பான தாளின் மேல் புழுவை விட்டு, அறையை அமைதியாக்கிக் காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் மெல்லிய கீறல் ஒலி கேட்கும். ஊர்வதற்கு அது ஊன்றும் நுண்முட்களின் ஒலி அது. சில வினாடிகளில் முடித்துக்கொண்டு ஈர மண்ணில் விடுங்கள். இரண்டாவது, ஒளி. டோர்ச் வெளிச்சத்தில் புழு உள்ளே இழுத்துக்கொள்ளும். வெசாக் கூடு ஒட்டி மிஞ்சிய சிவப்புத் தாளை டோர்ச்சில் சுற்றினால் பெரும்பாலும் அசையாது. மூன்றாவது எனக்கு மிகவும் பிடித்தது. சார்ள்ஸ் டார்வின் தம் வீட்டில் புழுச் சட்டிகளை வைத்துச் சோதித்தார். பக்கத்தில் பியானோ வாசித்தபோது அவை கண்டுகொள்ளவில்லை. சட்டியைப் பியானோவின் மேலேயே வைத்து ஒரு சுரத்தை அழுத்தியபோது சட்டென்று வளைக்குள் ஓடின. நம்மிடம் பியானோ இல்லை. தப்புப் பறை இருக்கிறது. மாலையில் புழுக்கள் தலை நீட்டும் நேரம், சிவப்பு வெளிச்சத்தில், முதலில் தப்பைத் தூரத்தில் பிடித்து ஒரு தட்டு தட்டுங்கள். பிறகு அதன் விளிம்பு புழுப் பெட்டி இருக்கும் மேசையில் படும்படி வைத்து, அதே அளவு மெதுவாக ஒரு தட்டு. புழுவுக்குக் காது இல்லை, அதிர்வு மட்டுமே தெரியும் என்பதைத் தப்பு வாசிக்கும் வீட்டுப் பையன் அன்று மற்றவர்களுக்கு விளக்கினான்.

நான்காம் படி: அட்டைப் போத்தல்

சிலர் முகம் சுளிப்பார்கள். வற்புறுத்த வேண்டாம், மூன்றாம் நாள் அவர்களும் வந்து நிற்பார்கள்.

மழை விட்ட காலையில் பெரியவர் ஒருவர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கான் ஓரம் நடந்தால், துணியில் ஏறும் அட்டையை இலையால் தட்டிப் போத்தலில் போடலாம். மூன்று போதும். அட்டை நூலளவு மெலிந்து எந்த இடுக்கிலும் நுழையும். துளையிட்ட மூடியை மட்டும் நம்பாதீர்கள், நெருக்கமான பருத்தித் துணியை இரண்டாக மடித்து இறப்பர் பட்டி போட்டுக் கட்டுங்கள். உள்ளே ஈரப்பாசியும் மழைநீரும், குழாய்த் தண்ணீர் வேண்டாம். நிழலில் வையுங்கள். உணவு தேவையில்லை, நீண்ட நாள் இரத்தமின்றி இருக்கக்கூடியது. யார் கையிலும் கடிக்க விடாதீர்கள். ஒரு வாரத்தில் திருப்பி விடுங்கள்.

இப்போது சோதனை. துணியின் மேல் ஒரு பிள்ளை வாயால் ஊதட்டும். எத்தனை வினாடியில் எழுந்தது என்று இன்னொரு பிள்ளை எழுதட்டும். அட்டைகள் அடங்கிய பின், சைக்கிள் பம்பியால் அதே தூரத்திலிருந்து காற்று அடியுங்கள். பிறகு ஊதாமல் கையை மட்டும் கண்ணாடியோரம் வையுங்கள். கடைசியாக மேசையை ஒரு தட்டு தட்டுங்கள். நாம் வெளிவிடும் மூச்சில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 4 வீதம், வெளிக் காற்றில் 0.04 வீதம். அதாவது நூறு மடங்கு. மூச்சில் சூடும் ஈரமும் உண்டு. எதற்கு எழுந்தது என்று பிரித்துக் காட்டும் சோதனையைப் பிள்ளைகளே வகுப்பார்கள். பம்பிக் காற்று குளிர்ந்தது சேர், சூடான காற்றும் அடித்துப் பார்க்க வேண்டாமா என்று ஒருவன் கேட்டபோது, பல வருடம் கரும்பலகையில் எழுதிய 'கட்டுப்பாட்டுச் சோதனை' என்ற சொல்லுக்கு முதல்தடவையாக உயிர் வந்தது.

கைவில்லையில் அதன் தலையைப் பார்த்தால் ஐந்து சோடிக் கண்கள் வளைவாக இருக்கும். கடித்த இடத்தில் இரத்தம் ஏன் நிற்பதில்லை என்று கேட்பார்கள். அட்டையின் உமிழ்நீரில் இரத்தம் உறைவதைத் தடுக்கும் பொருட்கள் உண்டு, இதே வேலையைச் செய்யும் ஹிருடின் என்ற பொருளை மருத்துவ அட்டைகளிலிருந்துதான் பிரித்தெடுத்தார்கள் என்று சொல்லுங்கள். கூடவே சரியான முதலுதவியையும் சொல்லுங்கள்: பிய்த்து எறிய வேண்டாம், நகத்தை வாயடியில் நுழைத்து நழுவ விட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும்.

ஐந்தாம் படி: தேயிலைச் செடியையே காட்சியாக்குதல்

தேயிலை என்றால் சம்பளம், கொழுந்து, கிலோ. பிள்ளைகள் அதை ஓர் உயிர் உலகமாகப் பார்த்ததில்லை. இந்தக் காட்சிக்கு இரண்டு பகுதி.

ஒன்று, கவ்வாத்து வெட்டிய தண்டுகள். ஊசித் துளை தெரியும் தண்டாகப் பார்த்து எடுத்து, நீளவாக்கில் பிளந்து வையுங்கள். தோட்டத்தில் ஷொட் ஹோல் போரர் என்று சொல்லும் தண்டு துளைப்பானின் சுரங்கம் உள்ளே கறுத்துத் தெரியும். அரிசியைவிடச் சிறிய வண்டு அது. அது மரத்தைத் தின்பதில்லை. சுரங்கச் சுவரில் ஒரு பங்கசைப் பயிர் செய்து, அதைத்தான் தானும் தின்று குஞ்சுகளுக்கும் கொடுக்கிறது. பயிர்செய்யும் வண்டு! கவ்வாத்து வெட்டும் அப்பாமார் வந்து பார்த்துவிட்டு நீண்ட நேரம் நின்றார்கள்.

மற்றது, இரண்டு இலைகளை நூலால் ஒட்டி உள்ளே இருக்கும் இலைசுருட்டிப் புழு. டீ டோட்ரிக்ஸ் என்று தோட்டத்தில் சொல்வார்கள். மருந்தடிக்காத செடியிலிருந்து இத்தகைய இலைச்சுருள்கள் ஐந்தாறைக் காம்போடு பறித்து, நீர்க்குப்பியில் நிறுத்தி, நுளம்பு வலை மூடிய போத்தலில் வையுங்கள். கொழுந்து எடுக்கும் அம்மா ஒருவர் சுருளைப் பிரிக்காமலே, இதில் புழு இருக்கிறது, இதில் இல்லை என்று விரலால் தொட்டுச் சொன்னார். பிரித்துப் பார்த்தோம், ஒன்றுகூடப் பிழையாகவில்லை. சில நாளில் சில சுருள்களிலிருந்து அந்துப்பூச்சி வரும். சிலவற்றிலிருந்து மெல்லிய சிறு குளவி வரும். பிள்ளைகள் குழம்பிப்போவார்கள், அதுதான் நல்ல நேரம்.

அந்தக் குளவிக்கு நம் மலையில் ஒரு வரலாறு உண்டு. இந்தப் புழு தேயிலையை அழித்துக்கொண்டிருந்த 1930களின் நடுவில், ஜாவாவிலிருந்து மக்ரோசென்ட்ரஸ் என்ற ஒட்டுண்ணிக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவின் உடலுக்குள் முட்டையிடுகிறது, குஞ்சு புழுவை உள்ளிருந்து தின்று வெளிவருகிறது. புழு அடங்கியது. பின்னாளில் தண்டு துளைப்பானைக் கொல்ல டீல்ட்ரின் என்ற நஞ்சைத் தெளித்தபோது குளவியும் சேர்ந்து குறைந்தது, இலைசுருட்டிப் புழு மீண்டும் பெருகியது. மேசையில் இருக்கும் பிளந்த தண்டும் இலைச்சுருள் போத்தலும் ஒரே கதையின் இரு முனைகள். இரண்டையும் பக்கத்தில் வைத்து நடுவில் ஒரு நூல் கட்டுங்கள். அருகே தலவாக்கலைத் தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் பெயரையும் எழுதி வையுங்கள். பிள்ளை ஒருநாள் அங்கே கூடை சுமக்காமல் நுணுக்குக்காட்டி பிடித்து வேலை செய்யப் போகலாம் என்பது எனக்குப் பெரிய விடயம்.

எச்சரிக்கை ஒன்று. தேயிலையில் சுணையுள்ள புழுக்களும் உண்டு, பட்டால் எரியும். முள், மயிர், பளிச்சென்ற நிறம் உள்ள எந்தப் புழுவையும் பிள்ளைகள் எடுக்கக் கூடாது.

ஆறாம் படி: இலைக்குப்பைப் புனல்

பெரிய சோடாப் போத்தலின் மேல்பகுதியை வெட்டிக் கவிழ்த்தால் புனல். கழுத்தில் நுளம்பு வலைத் துண்டொன்று, அதன்மேல் மரத்தடி இலைக்குப்பை இரண்டு கை, மேலே ஒரு சாணுக்கு அப்பால் சூடு தரும் பழைய குண்டு மின்விளக்கு. எல்ஈடி விளக்கு போதிய சூடு தராது. விளக்கு எரியும்போது ஒருவர் கூடவே இருக்க வேண்டும், காய்ந்த இலை தீப்பிடிக்கும். சூட்டுக்கும் வெளிச்சத்துக்கும் பயந்து சிற்றுயிர்கள் கீழே இறங்கி, அடியில் ஈரத்தாள் போட்ட கோப்பையில் விழும். இத்தாலியரான பெர்லேசி 1905இல் சுடுநீரின் சூட்டைக் கொண்டு செய்த முறையின் விளக்கு வடிவம் இது. வெள்ளைக் கோப்பையில் பூச்சிகள் துள்ளுவதைப் பார்க்கத் தேநீர் இடைவேளையைக்கூட விட்டுவிட்டு நிற்பார்கள்.

அந்தக் குப்பையில் மரவட்டையும் பூரானும் கிடைத்தால், பூரானை மூடிய போத்தலில் மட்டும் காட்டுங்கள். உடலின் ஒரு வளையத்துக்கு ஒரு சோடிக் கால் என்றால் பூரான், இரண்டு சோடி என்றால் மரவட்டை. தொட்டால் பந்தாகச் சுருளும் பெரிய மரவட்டை கிடைத்தால் பார்த்துவிட்டு அதே இலைக்குப்பையில் விடுங்கள்.

ஏழாம் படி: வண்ணத்துப்பூச்சி

பதுளை, பண்டாரவளை, கண்டிப் பக்கத்தாருக்கு இது எளிது, தேசி மரம் இருந்தால் போதும். தளிரில் தனித்தனியாக இளமஞ்சள் முட்டை, பிறகு பறவை எச்சம் போலத் தோன்றும் புழு, கடைசித் தோல் உரித்ததும் பச்சை. இது தேசி வண்ணத்துப்பூச்சியின் குடம்பி. பிடித்து வர வேண்டாம். சட்டியில் வளர்த்த தேசிக் கன்றுக்கு நுளம்பு வலைக் கூடாரம் கட்டி அங்கேயே பாருங்கள். மென்மையான தூரிகையால் முதுகைத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து செம்மஞ்சள் நிறக் கவைக்கொம்பு நீளும், கடும் மணம் வீசும். ஒரு குடம்பிக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும்.

குளிரில் எல்லாம் மெதுவாகும். ஆகவே வெப்பநிலைத் தாளையும் வளர்ச்சித் தாளையும் அருகருகே ஒட்டுங்கள். கூட்டுப்புழுவிலிருந்து வெளிவந்ததும் இறகு விரிந்து காயும்வரை யாரும் நெருங்கக் கூடாது. வெயில் வந்த பிறகு வலையைத் திறந்துவிடுங்கள். பங்குனி, சித்திரையில் கூட்டங்கூட்டமாக வண்ணத்துப்பூச்சிகள் சிவனொளிபாதமலைக்கு யாத்திரை போவதாக நம் பெரியவர்கள் சொல்வார்கள். எந்தத் திசையில் பறக்கின்றன, ஐந்து நிமிடத்தில் எத்தனை என்று எண்ணுவது பாடசாலை முற்றத்திலேயே செய்யக்கூடிய நல்ல பதிவு.

எட்டாம் படி: தவளையிடம் நாம் போவது

தவளை அறைக்குள் வராது என்று சொன்னேன். அதனால் இழப்பு எதுவும் இல்லை.

பாடப்புத்தகத்தில் முட்டை, வாற்பேத்தை, வால் உள்ள குஞ்சு, தவளை என்று வட்டம் போட்டிருக்கும். நம் மலையின் புதர்த் தவளைகளுக்கு அந்த வட்டம் பொருந்தாது. சூடோஃபிலாட்டஸ் என்ற பேரினத்தில் இலங்கையில் 70க்கும் மேற்பட்ட இனங்கள் விவரிக்கப்பட்டிருக்கின்றன. சில அழிந்தும்விட்டன. அவை தண்ணீரில் முட்டையிடுவதில்லை. ஈர மண்ணிலோ இலையிலோ இட்ட முட்டைக்குள்ளேயே வாற்பேத்தைப் பருவம் கழிந்து, விரல்நகத்தைவிடச் சிறிய முழுத் தவளையாக வெளியே வரும். மலையின் மூடுபனியும் ஈரமும்தான் இதற்கு இடம் கொடுக்கின்றன. காடு வெட்டப்பட்டு நிலம் காய்ந்தால் குளம் வெட்டிக் கொடுத்தாலும் இவற்றுக்கு உதவாது. தரம் 6 பிள்ளைக்கு இதைச் சொன்னால், புத்தகம் பிழையா சேர் என்று கேட்கும். புத்தகம் பிழையில்லை, அது வேறு தவளையின் கதை, நம்முடையது இன்னும் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்று சொல்வேன்.

செய்ய வேண்டியது: மழை பெய்து ஓய்ந்த மாலை, பெற்றோர் துணையோடு, பாடசாலை வேலியோரம் அமைதியாகப் பத்து நிமிடம் நின்று கேளுங்கள். தொலைபேசியில் ஒலியைப் பதிவுசெய்து, இடம், நேரம், மழை ஆகியவற்றை எழுதுங்கள். ஒவ்வொரு குரலுக்கும் பிள்ளைகளே பெயர் வைக்கட்டும். தண்ணீர்த் தொட்டிக்கு மேலுள்ள கிளையிலோ சுவரிலோ வெள்ளை நுரைக்கூடு தெரிந்தால் அது மரத்தவளையின் வேலை. தொட்டி கழுவும் நாளைத் தள்ளிப்போட்டு, பக்கத்தில் ஓர் அறிவித்தல் பலகை நடுங்கள். சில நாளில் வாற்பேத்தைகள் நுரையிலிருந்து தண்ணீருக்குள் சொட்டும். அந்தப் பலகையும் நம் கூடத்தின் ஒரு காட்சிதான்.

ஒன்பதாம் படி: மீன்தொட்டியும் பாசியும்

மீன்தொட்டியைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன், அதை விற்கும் கடையே சொல்லும். நான் கற்றது இவ்வளவு: முதல் தை மாதத்தில் எங்கள் கப்பி மீன்கள் எல்லாம் குளிரில் இறந்தன. அவை 22 பாகை செல்சியஸுக்குக் கீழ் தளர்ந்துவிடும். உயர்ந்த தோட்டங்களில் குளிர் தாங்கும் தங்கமீன் வையுங்கள். தொட்டியில் நீர் நிரப்பியதும் மீன் விடாதீர்கள். கழிவின் அமோனியாவை நைத்திரேற்றாக மாற்றும் பற்றீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடை மீனை ஒருபோதும் ஆற்றில் விடாதீர்கள், அங்கே நம் சொந்த மீன்கள் இருக்கின்றன. கப்பல் ஏறி வந்த ஆபிரிக்க நத்தையையும் தொட்டியிலோ கையிலோ வைக்க வேண்டாம். அது பரப்பும் எலி நுரையீரல் புழு மனித மூளையைத் தாக்கக்கூடியது.

மாறாக, பாசிக்கு நேரம் கொடுங்கள். கூரையிலோ பாறையிலோ இருந்து விரல் அளவு பாசித் துண்டை மழைநீரில் ஓர் இரவு ஊறவைத்து, பிழிந்த நீரைத் துளித்துளியாக நுணுக்குக்காட்டியில் 40 மடங்கில் பாருங்கள். முதல் பத்துத் துளியில் ஒன்றும் இருக்காது. திடீரென்று எட்டுக் கால்களால் நடக்கும் குட்டிக் கரடி ஒன்று தெரியும். அதுதான் நீர்க்கரடி. அரை மில்லிமீற்றர்கூட இல்லை. பாசி காயும்போது தானும் சுருங்கி உலர்ந்து, மழை வந்ததும் எழுந்து நடக்கும். நாங்கள் நான்காம் நாள்தான் கண்டோம். முதலில் கண்டவள் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமலே மற்றவர்களைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

பத்தாம் படி: தொடும் முறையும் பொறுப்பும்

உயிரில்லாத தொடும் மேசையும் வேண்டும். பட்டைகள், விதைகள், பாம்பு உரித்த சட்டை, கோழி இறகு, பெரியவர்கள் வெறுமையென்று உறுதிசெய்து கொண்டுவந்த பழைய குளவிக்கூடு. இந்தக் கடைசிப் பொருளைப் பிள்ளைகள் தேடிப் போகக் கூடாது என்பதை மலையகத்தாருக்கு நான் விளக்க வேண்டியதில்லை. குளவிக் கொட்டால் எத்தனை வீடுகள் அழுதிருக்கின்றன. ஆனால் அந்தக் கூட்டைக் குறுக்கே வெட்டி, குளவி மரநாரை மென்று காகிதமாக்கிக் கட்டிய அறுகோண அறைகளைப் பார்க்கும்போது, பயத்துக்குப் பக்கத்தில் வேறொன்றும் வந்து உட்காருகிறது.

உயிருள்ளவற்றுக்கு எங்கள் ஒழுங்கு இது. தொடும் முன் தண்ணீரில் கை நனைத்தல். மேசைக்கு மேல், தாழ்வாக, திறந்த உள்ளங்கையில் வைத்திருத்தல், விரல்களால் பிடிக்காமல் இருத்தல். விலங்கு விலகிப் போனால் போக விடுதல். முடிந்ததும் சவர்க்காரம் போட்டு 20 வினாடி கழுவுதல். சேற்றுப் புண் இருக்கும் கை அன்று தொடாது, எலிக்காய்ச்சல் நம் பக்கத்தில் உள்ளதுதான். பயப்படும் பிள்ளையின் கையில் எதையும் வைக்காதீர்கள். பெரிய பையன்கள் அப்படிச் செய்து பார்ப்பார்கள், அந்த ஒரு விடயத்தில் நான் கடுமையாக இருந்தேன்.

சுற்றாடல் முன்னோடிப் பிள்ளைகள் இருவர் இருவராக வாரம் ஒரு முறை பொறுப்பேற்கட்டும். ஒரு கொப்பியில் திகதி, உயிர், எண்ணிக்கை, எடுத்த இடம், உணவு, நிலை எழுத வேண்டும். இறந்தால் அதையும் மறைக்காமல், காரணம் என்னவாக இருக்கலாம் என்று எழுத வேண்டும். தவணை விடுமுறைக்கு முன் பெட்டிகள் எல்லாம் காலியாக வேண்டும். விடுமுறையில் வந்து பார்க்கிறேன் என்று யார் வாக்குக் கொடுத்தாலும் நம்பி வைக்காதீர்கள், மழை வழியை அடைத்துவிடும்.

மாதம் ஒரு நாள், மலைக்கு வேலை இல்லாத நாளில், அம்மாமாரைக் கூப்பிடுங்கள். பார்வையாளராக அல்ல, சொல்லிக்கொடுப்பவராக. எந்தப் புல்லில் அட்டை அதிகம், எந்தக் குருவி கொழுந்து எடுக்கும்போது கூடவே வரும், எந்தச் செடியடியில் குளவி கட்டும் என்பதை முப்பது வருடம் கவனித்த கண்கள் அவை. அவர்கள் சொல்லும் பெயரைக் காட்சி அட்டையில் முதல் வரியில் எழுதுங்கள், விஞ்ஞானப் பெயரை இரண்டாம் வரியில். முதல்தடவை கூச்சத்தோடு கதவருகே நிற்பார்கள். தம் பிள்ளை மண்புழுவை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு வந்து, "அம்மா, கைய நனைச்சிட்டு வாங்க" என்று சொன்னதும் உள்ளே வந்துவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை கடைசிப் பாடவேளையை உயிர்களைத் திருப்பி விடுவதற்கென்று ஒதுக்குங்கள். அந்த வாரம் பார்த்து முடித்தவற்றை எடுத்த இடத்திலேயே விட வேண்டும், பாடசாலைக்குப் பின்னால் பொதுவாகக் கொட்டிவிடக் கூடாது. பொறுப்புப் பிள்ளைகள் இருவரும் அட்டைப் போத்தலைத் தூக்கிக்கொண்டு முன்னே நடப்பார்கள், மற்றவர்கள் பின்னால். துணியை அவிழ்த்துப் போத்தலைச் சாய்த்ததும் மூன்றும் பாசிக்குள் போய்விடும். அங்கேயே நின்று கொப்பியில் எழுதுவார்கள்: அட்டை 3, நாற்றுமேடைக்குக் கீழே கான் ஓரம், மழைத்தூறல், மூன்றும் நலம்.